நிப்பாட்டு

பதினொரு சித்திரையாகத் தமுக்கத்தில் என் வேலை
தொலைந்தவர்களைச் சொல்வது.
பச்சைச் சட்டை, நான்கு வயது, பேச்சு வரவில்லை.
கறுப்புப் பை, உள்ளே ஸ்கேன் ரிப்போர்ட்.
பேரையூரிலிருந்து வந்த மாமியார், ஒரு கால் செருப்போடு.
ராட்டினத்தின் இரைச்சலுக்கு மேலே
ஒரே சுருதியில், எங்கும் நிறுத்தாமல் சொல்ல வேண்டும்.
அழுகை கலந்தால் ஊர்ப்பெயர் விளங்காது.

நேற்று எட்டேகால் மணிக்கு
டெல்லி அப்பளத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே
ஒரு போலீஸ்காரம்மா பிடித்து வந்தார் அவனை.
ஏழெட்டு வயது. அழவில்லை.
கையில் ஒரு மஞ்சள் பலூன்,
முடிச்சை அவிழ்த்து, கழுத்தை விரலால் இறுக்கியபடி.
பெயர் கேட்டேன். தலையை ஆட்டினான்.
ஊர் கேட்டேன். மைக்கைக் காட்டினான்.
அதில்தான் சொல்வானாம்.

சரி சொல் என்று பித்தானை அழுத்தினேன்.
பலூனை வாயில் வைத்து
ஒரே இழுப்பு.

மைதானத்தின் பதினாறு குழாய்களிலும்
ஒரு வாத்துக்குஞ்சு பேசியது:
க...
க... க...
கழுவநாதன்.

தமுக்கம் சிரித்தது.
பஜ்ஜிக் கடையில் கரண்டி பாதியில் நின்று சிரித்தது.
நானும், பொய் சொல்ல மாட்டேன்,
மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.
சிரிக்காதவன் அவன் ஒருத்தன்தான்.
கொடுத்த காசுக்குச் சரக்கு வராதவன் முகம்.

பலூன்காரன் சந்தியாகு ஓடி வந்தான்.
"அக்கா, நானாக் குடுக்கல, காசு குடுத்துதான் வாங்குனான்.
இதை இழுத்தா குரல் மாறிருமான்னு கேட்டான். மாறும்னேன்.
திக்குறது மாறுமான்னு அவன் கேக்கலக்கா."

பௌதிகத்தில் மூன்று அரியர் வைத்திருப்பவன்.
பயத்திலும் விளக்கம் நிற்கவில்லை:
தொண்டைச் சவ்வு துடிப்பது எப்போதும் போலத்தானாம்.
லேசான ஹீலியத்துக்குள் ஒலிக்குத்தான் கால் முளைத்துவிடுகிறது,
கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஓட்டம்.
அந்த வேகத்துக்கு வாய் போதவில்லை.
"பாடுறது அதே ஆளுதான்க்கா,
மண்டபம்தான் சுருங்கிருச்சு."
கனத்த வாயு ஒன்றும் உண்டாம்.
சமயநல்லூர் சப்ஸ்டேஷனில் அவன் மச்சான் பார்த்தது,
பிரேக்கருக்குள் தீப்பொறியை விழுங்கிவிட்டுச் சும்மா கிடப்பது.
அதை இழுத்தால் பச்சைப்பிள்ளையும்
பதினெட்டாம்படியான் மாதிரிப் பேசுமாம்.
பேசி முடித்ததும் தலைகீழாகக் குனிந்து
நெஞ்சிலிருந்து அதைக் கொட்டிவிட வேண்டுமாம்,
குடத்துத் தண்ணீரைக் கொட்டுகிற மாதிரி.

பாதிதான் காதில் விழுந்தது.
மறுபடி பித்தானைத் தொடுவதற்குள்
காந்தி மியூசியம் பக்கத்து வாசலிலிருந்து
ஒருத்தி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.
இடுப்பில் இன்னொரு பிள்ளை, கையில் அறுந்த செருப்பு.
முதலில் ஒரு அறை.
கட்டிக்கொண்டது அப்புறம்தான்.

நோட்டில் கையெழுத்துப் போடும்போது கேட்டேன்:
அந்தக் குரல்ல எப்படிம்மா உம்பிள்ளைன்னு தெரிஞ்சுச்சு?
குரலா, என்றாள்.
அதை யாரு கேட்டா?
"மூணு வாட்டி முட்டும், மூச்சை முழுங்கும்,
அப்புறம் பொத்துன்னு விழும்ல.
அந்த நிப்பாட்டு எங்க களுவனோடதுங்க."

பையன் தரையைப் பார்த்தான்.
பலூனில் மிச்சமிருந்தது
ஒரு வாய்க்குக்கூடத் தேறாது.

பதினோரு மணிக்கு ராட்டினம் நின்றது.
புகார் எழுதாமல் விட்டதற்காக
சந்தியாகு ஒரு சிவப்புப் பலூனை மைக் ஸ்டாண்டில் கட்டிவிட்டுப் போனான்.
யாரும் இல்லை. மைக்கை அணைத்திருந்தேன்.
ஒரு மடக்கு இழுத்து
வழக்கமான வாசகத்தைச் சொல்லிப் பார்த்தேன்:
எங்கிருந்தாலும்

உடனே வரவும்.

வாத்துதான். சிரிப்பு வந்தது.
ஆனால் நடுவில் ஒன்று விழுந்ததே,
அது இன்றைக்குத்தானா
பதினொரு வருடமாக அங்கேயே விழுகிறதா?
மரணக் கிணற்றுக்காரனுக்குத் தெரிந்திருக்கும்,
என் குரலில்தான் பைக்கைக் கிளப்புகிறான்.
காலையில் கேட்க வேண்டும்.